பானுப்ரியாவின் தாய்வழி

1

ஆட்டோ பறந்துகொண்டிருந்தது. உள்ளே ஆறு மாதக் கர்ப்பிணி பானுப்ரியா மூச்சுவாங்கினாள். கண்கள் மஞ்சள். காலையில் சிறுநீர் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போயிருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரம்மா முத்துக்கனி.

"ஏலே, உருட்டிக்கிட்டா போற? சீக்கிரம் போ!"

"பறக்கதுக்கு எனக்கு றெக்கையா இருக்கு, அக்கா?"

(ஆட்டோ பறக்கவில்லை. இரண்டாம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காகப் பதினோரு நிமிடம் நின்றது. எனக்கு இந்தக் கதையைச் சொன்னவள் முத்துக்கனி. பறந்தது என்று எழுதியது, வாராவாரம் தொடர் எழுதிக் கெட்டுப்போன என் கை.)

2

வில்லன் வேண்டுமே. மாத்திரையை வைத்துப் பார்த்தேன். சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்தது. நாலு நாள் சாப்பிட்டிருக்கிறாள். பெரும்பாலான கர்ப்பிணிகளை ஒன்றும் செய்யாது. பரம்பரையாக ரத்தத்தில் ஒரு என்சைம் குறைந்தவர்களுக்கு மட்டும் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை சில நாட்டு வம்சங்களில் அதிகம், சிலவற்றில் குறைவு.

ஆள் பார்த்து அடிக்கும் வில்லன். ஆனால் கத்தி இல்லை, மீசை இல்லை. அட்டைப்படம் போடுகிறவர் என்ன செய்வார்?

3

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானபாய் சுற்றி வளைக்கவில்லை.

"ஈரல் கெட்டிருந்தா பிள்ளைய இப்பவே எடுக்கணும். ஆறு மாசப் பிள்ளை, தங்குறது கஷ்டம். மாத்திரைதான் காரணம்னா நிறுத்திட்டு ரத்தம் ஏத்திப் பாக்கலாம். டெஸ்ட் ரிசல்ட் முழுசா வர நாளாகும். அம்மா வழி, அப்பா வழியில யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு இப்படி ஆயிருக்கா? பூர்வீகம் எது?"

முத்துக்கனி முந்திக்கொண்டாள். "எங்காளுவதான் டாக்டர். சாத்தாங்குளம். ரெண்டு பக்கமும் ஒரு சீக்கு கிடையாது."

பானுப்ரியா மின்விசிறியைப் பார்த்தாள்.

4

கணவன் விஜயராஜ் சாத்தான்குளம்தான். பானுப்ரியா இல்லை. வாடகைக்குக் கேட்ட ஏழு வீடுகளில் 'நம்ம ஆளுகளுக்கு மட்டும்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். எட்டாவது, முத்துக்கனி வீட்டு மாடி. அங்கே அவளும் சாத்தான்குளம் ஆகிவிட்டாள். இப்போது விஜயராஜ் துறைமுகத்தில் கிரேன் மேலே. போன் கீழே லாக்கரில்.

உண்மையைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால்—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்களுக்கே தெரியும்.)

5

பானுப்ரியா டாக்டரிடம் தனியாகப் பேசட்டும் என்று, கதையில் முத்துக்கனியை வெளியே தள்ளப் பார்த்தேன். டீ வாங்க அனுப்பினேன். "இப்பந்தான் குடிச்சேன்" என்றாள். கரண்டை நிறுத்தினேன், ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர். அவளுக்கு மயக்கம் வரவழைத்து—

(வேண்டாம். அவள் மயங்குகிற ரகம் இல்லை.)

கடைசியில் முத்துக்கனியின் கையைப் பிடித்தபடியே பானுப்ரியா சொன்னாள்:

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. நான் உங்காளு இல்ல. டாக்டர், எங்கம்மாவப் பெத்தவ பர்மாக்காரி. எங்கம்மா கூடப்பொறந்த மாமா, மலேரியா மாத்திரை சாப்பிட்டு நாலாம் நாள் இப்படித்தான் மஞ்சளாயிச் செத்தாரு."

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. பிள்ளை உள்ளேயே இருக்கிறது, உதைக்கிறது.

முத்துக்கனி கையை எடுக்கவில்லை. "ஏளா, இத ஆட்டோலயே சொன்னா என்ன? கடிச்சா வச்சிருவேன்?"

6

முடிவு ஒன்று: நாளை டிஸ்சார்ஜ் ஆகி மாடிப்படி ஏறுகிறாள். முடிவு இரண்டு: சாமான்கள் லோடு ஆட்டோவில் ஏறுகின்றன. இரண்டையும் எழுதிவிட்டேன். இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முத்துக்கனி மட்டும் நேற்றிலிருந்து என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "அவ வரலாமா, கூடாதா? வாயத் தொறந்து சொல்லுங்க."

முத்துக்கனி என் மனைவி. மாடி என் பெயரில் இருக்கிறது. பானுப்ரியா வீடு கேட்டு வந்த அன்று, "நீங்க என்ன ஆளுவ?" என்று கேட்டவன் நான்.