தியானக் கூடத்தில் பச்சைமுத்து

"மொபைல் இல்லி ஹாக்கி அம்மா" என்று கன்னடத்தில் சொல்லி வாட்ச்மேன் மூங்கில் கூடையை நீட்டியபோது செண்பகத்தின் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. கோலாரிலிருந்து நாத்தனார், மூன்றாவது தடவை.

"எங்கப்பா உள்ள செத்துக் கிடக்கறாரு. போனைக் கூடையில போடணுமா?" என்றான் மகன் சித்தார்த், பைக்கை விட்டு இறங்காமலே. தமிழில்தான் சொன்னான். வாட்ச்மேனுக்குப் புரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு கேட்டைத் திறந்தான்.

பெங்களூருக்கு வெளியே, கனகபுரா ரோட்டில் ஹாரோஹள்ளியைத் தாண்டி, காட்டை ஒட்டிய எட்டு ஏக்கர். யோகாவுக்கும் தியானத்துக்குமான இடம். செண்பகத்தின் கணவர் பச்சைமுத்து மூன்று வருஷமாக இங்கே மேஸ்திரி. ஜனவரியில் கட்டட வேலை முடிந்த பிறகும் அங்கே பூச்சு, இங்கே ஓடு என்று வாரத்தில் ஐந்து நாள் இங்கேயே தங்கிவிடுவார். இன்று காலை பத்து மணிக்கு, குளத்தோரம் சுண்ணாம்புச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்கிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. உள்ளூர் டாக்டர் வந்து, பையிலிருந்த இதய மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். கூட வேலை செய்யும் கொத்தனார் சீனு போனில் சொன்னது இவ்வளவுதான்.

சீனு அவர்களைச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குக் கூட்டிப்போனான். சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவே, நான்கு மூலையிலும் மண் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, அதன்மேல் பச்சைமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் சீனுவின் துண்டு. ஏப்ரல் வெயிலில் தகரம் கொதித்தது. செண்பகம் துண்டை விலக்கிக் குனிந்தபோது அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய வேர்வைதான். முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஆம்புலன்ஸ் எப்போடா வரும்?" என்று மகனைக் கேட்டாள்.

"சில்க் போர்டுல மாட்டிக்கினு இருக்கானாம். ரெண்டு மணி நேரம் ஆவுமாம்மா."

மேனேஜர் டிரேவர் வந்தார். வெள்ளை ஜிப்பா, வெறுங்கால், மெல்லிய குரல். "வெரி சாரி மேடம். மேஸ்திரி எங்க ஃபேமிலி மாதிரி." கொஞ்சம் தயங்கினார். "ஒரு சின்ன விஷயம். கெஸ்ட் எல்லாம் பத்து நாள் மௌனத்துல இருக்காங்க, இன்னிக்கு ஆறாவது நாள். சத்தம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கிட்டா... ஆம்புலன்ஸ் பின் கேட்டுக்கே வந்துடும்."

"நான் இன்னும் அழவே இல்லியே சார்" என்றாள் செண்பகம். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்து சுற்றிலும் பார்த்தாள்.

"அவரு கட்னது எது?"

டிரேவர் மரங்களுக்கு நடுவே கை காட்டினார். செம்மண் நிறத்தில் வளைந்த கூரை தெரிந்தது.

"அங்க கொண்டுபோயி போடுங்க. வண்டி வர்ற வரிக்கும்."

"மேடம், அது மெடிடேஷன் ஹால். டிரஸ்டிங்களைக் கேக்காம நான்..."

"கட்டி முடிக்கிற வரிக்கும் அதுக்குள்ளதான சார் படுத்துத் தூங்கனாரு. அப்போ யாரைக் கேட்டாரு?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "லஞ்ச் பிரேக் ரெண்டு மணி வரைக்கும் இருக்கு டிரேவர். ஹால் காலிதான். நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க." மல்லேஸ்வரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்த ஆஷா. இந்த இடம் முழுவதையும் வரைந்த ஆர்க்கிடெக்ட். கண்கள் சிவந்திருந்தன.

பலகையோடு தூக்கினார்கள். செண்பகம் பின்னால் நடந்தாள். ஜனவரியில் திறப்பு விழாவுக்குப் பச்சைமுத்து அவளைக் கூப்பிட்டிருந்தார். "நம்ம ஊட்டு தகர ஷீட்டு மேல வெயிலுக்கு ஒரு கோணி போட நேரமில்ல. எவனோ கண்ண மூடிக்கினு குந்தறதுக்கு மாளிகை கட்றியா?" என்று கத்தியிருந்தாள். அவர் தனியாகப் போய்விட்டு ஸ்வீட் பெட்டியோடு வந்தார். மூன்று நாள் அந்தப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

கூடத்துக்குள் கால் வைத்ததும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறியது. ஃபேன் எங்கே என்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஃபேன் கிடையாதும்மா" என்றாள் ஆஷா. "குளம் தோண்டின மண்ணுலதான் சுவர் முழுக்க. கூரையில ஒரு கம்பிகூட இல்ல. நான் வளைவை ரொம்பத் தாழ்வா வரைஞ்சிருந்தேன். நிக்காதுன்னு மேஸ்திரி சொன்னார். ஒரு வாரம் சண்டை போட்டேன், அவர் ஒத்துக்கவே இல்ல. கடைசியில ஒரு முழம் ஒசத்தினோம். அவர் சொன்னதுதான் சரி. வீட்ல சொல்லியிருப்பாரே."

"சொல்லியிருப்பாரு" என்றாள் செண்பகம். "நான் காது குடுக்கல."

டிரேவர் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தார்த் அவரிடம் மெழுகுவர்த்தி கேட்டான். "திரிசரணம் சொல்லணும் சார், புத்தம் சரணம் கச்சாமின்னு மூணு தடவை. நாங்க புத்திஸ்ட்டு. கோலார் மைன்ஸ்ல தாத்தா காலத்துலேந்தே."

டிரேவர் கூடத்தின் கோடியிலிருந்த கல் புத்தரைப் பார்த்தார். "மூணு வருஷமா மேஸ்திரி சொன்னதே இல்லியே."

"யார் சார் கேட்டாங்க?"

மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தலைமாட்டில் வைத்தார்கள். முதல் தடவை தாயும் மகனும் வாய்க்குள்ளேயே சொன்னார்கள். இரண்டாம் தடவை செண்பகத்தின் குரல் உயர்ந்தது. கூரை அதை வாங்கி, பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. மூன்றாம் தடவை பாதியில் நின்றுபோனாள். அவர் மார்பில் முகத்தை வைத்து, வாய்விட்டு அழுதாள். யாருக்காகவும் அடக்கிக்கொள்ளவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலையைத் தூக்கியபோது வாசலில் தியானத்துக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள். கையில் உட்காரும் மெத்தைகள். டிரேவர் இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்க அவர்களுக்கு அனுமதியில்லை. ஆனால் எல்லோரும் வெள்ளை விரிப்பைப் பார்த்துவிட்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் டிரேவரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, மெத்தை போடாமல் வெறுந்தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். டிரேவர் கையை இறக்கிக்கொண்டார்.

அம்மா விட்ட இடத்திலிருந்து சித்தார்த் சொல்லி முடித்தான்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆம்புலன்ஸ் வந்தது. டிரேவர் முன் கேட்டையே திறக்கச் சொன்னார். தூக்கும்போது ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். பத்துப் பதினைந்து பேரும் எழுந்து நின்று வழி விட்டார்கள்.

செண்பகம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த தியானத்துக்கு மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவரவர் மெத்தையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சைமுத்து கிடந்த இடத்தில் ஒரு பெண் மெத்தையை வைத்தாள். கோணலாக இருந்ததை நேராக்கினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.