மேய்ந்துகொண்டே போன பண்ணை

முழங்கால் உயரம்கூட இல்லாத செம்மறி ஆடுகளை வளர்த்து விற்ற அக்கா தங்கை இருவரின் பண்ணை, முதல் குட்டியை விற்ற வாரத்திலேயே இடம்விட்டு நகரத் தொடங்கியது. வேலி, கொட்டகை, ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் எல்லாம் குட்டி போன திசையில், ஆடு மேய்கிற வேகத்தில் போயின. வாங்கியவர் ஒரு பல் டாக்டர். தோட்டத்துப் புல்லை வெட்ட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. அவர் வண்டி போன பக்கமே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது தாய் ஆடு. மற்ற ஆடுகளும் அந்தப் பக்கமே முகம் திருப்பி மேயத் தொடங்கின, நிலமும் அவற்றோடு போயிற்று. வழியிலிருந்த வயல்கள், பாயில் புரண்டு படுத்து இடம் விடுகிறவர்களைப்போலச் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டன. ஒரு காலையில் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்தபோது பண்ணை அவருடைய மதிலை ஒட்டி நின்றது. தாய் ஆடு வாசல் கேட்டின் கம்பிகளுக்குள் மூக்கை நுழைத்துக் குட்டியை முகர்ந்து பார்த்தது, திரும்பி வந்து படுத்து அசைபோட்டது. பண்ணையும் நின்றுவிட்டது. யாரோ புகார் கொடுக்க, சர்வேயர் வந்து நான்கு எல்லையையும் அளந்தார். “உங்க நிலம் சரியாத்தான் இருக்கு. ஊர்தான் தள்ளிப் போயிருக்கு” என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. வாரச் சந்தையைத் தாண்டி எங்கும் போயிராதவள் அவள். பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்து, தனக்கென்று எதுவும் வேண்டாமென்று அந்த மண்ணிலேயே கிடந்தவள். தங்கையோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். எத்தனையோ தடவை பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு ஆடு குட்டி போட முடியாமல் தவிக்கும். அக்காவின் பருத்த கை அந்தச் சின்ன ஆடுகளுக்குள் நுழையாது. தங்கை பையை இறக்கிவைத்துவிட்டு, கையில் சோப்பைப் பூசிக்கொண்டு மண்டியிட்டு உட்காருவாள், குட்டியை வெளியே எடுப்பாள், தொப்புள்கொடியை மருந்தில் முக்குவாள். அதற்குள் பேருந்து போயிருக்கும்.

வியாபாரம் சூடுபிடித்தது. பூனையை வளர்த்து அலுத்தவர்களும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டுக்காரர்களும் குட்டி கேட்டு வந்தார்கள். குட்டிகள் பல திசைக்கும் போனபோது பண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மூலை கிழக்கே இழுக்கும், இன்னொரு மூலை தெற்கே இழுக்கும். சுவர் நெறிபடும், தட்டுகள் அலமாரியிலிருந்து குதிக்கும், வாசல் திரும்பித் திரும்பிக் காலையில் அடுப்படிக்கு வந்த வெயில் மாலையிலும் அங்கேயே வரும். அக்கா ஜன்னல்களைச் சாத்தி ஆணி அடித்தாள். இரண்டு பேருக்கும் சரியான தூக்கம் கிடையாது. அப்புறம் திடீரென்று இழுபறி நின்று, பண்ணை ஒரே நேராக மேற்கே போகத் தொடங்கியது. அக்கா அப்பாடா என்றிருந்தாள். கிழக்கேயிருந்து வந்த ஒரு நல்ல கிராக்கியை, குட்டி இல்லையென்று தங்கை திருப்பியனுப்பியதைப் பார்த்த அன்றுதான், அவள் மேற்கத்திக்காரர்களுக்கு மட்டுமே விற்கிறாள் என்பது விளங்கியது. மேற்கே கடல் இருந்தது, துறைமுகம் இருந்தது. தங்கை சின்ன வயதிலிருந்தே பிதற்றிய ஊர் அது.

“நீ ஆட்டை விக்கல. என்னை இழுத்துட்டுப் போற” என்றாள் அக்கா.

ஆட்டுக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்த தங்கை நிமிரவில்லை. “உன்னை விட்டுட்டுப் போக மனசு வரலக்கா. அதான் எல்லாத்தையும் சேத்து இழுக்கறேன்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆடுகள் மட்டுமே பேசின. அக்கா தனியாகச் சாப்பிட்டாள், தனியாகத் தீனி வைத்தாள். வெளியே ஆறு போயிற்று, செங்கல் சூளை போயிற்று, பெயர் தெரியாத ஊர்களின் கொல்லைப்புறங்கள் போயின. கோடை முடிகிற சமயம், ஒரு நாள் கொட்டகையிலிருந்து திரும்பிய தங்கை, அக்கா அடுப்படி ஜன்னலின் ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டாள். புழுக்கமாக இருக்கிறது என்றாள் அக்கா. பிறகு சோறு பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் வெளியே பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

கடைசியாக விற்ற குட்டி போய்ச் சேர்ந்திருந்த துறைமுக ஊரில், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் பண்ணை நின்றது. தங்கை கடலைப் போய்ப் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள், நிறையத் தண்ணீர்தான் என்று வந்து சொன்னாள். ஆனால் ஐஸ் பேக்டரி மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அதன் தரை ஆடாமல் இருந்தது. அன்று மதியம் அங்கே சும்மா தலை சாய்த்தவள் மறுநாள் காலைவரை தூங்கினாள். எழுந்ததும் கீழே போய் வேலை கேட்டாள், கொடுத்தார்கள். காலில் கட்டியிருந்த சக்கரம் கழன்றுவிட்டதென்று அவளே ஆச்சரியப்பட்டாள். அக்காதான் நிலைகொள்ளாமல் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஜன்னலில் தினமும் அதே ஐஸ் பேக்டரிச் சுவர். ஒரு நாள் ரோட்டில் நின்ற லாரிக்காரரை அவளாகவே கூப்பிட்டு, தூரத்துக்குப் போகிறவரா என்று மட்டும் விசாரித்து, இருப்பதிலேயே துறுதுறுப்பான குட்டியை அவர் கையில் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

வேலி அசையத் தொடங்கியபோது தங்கை ஓடிவந்தாள். “ஆடு குட்டி போட்டா என்னக்கா பண்ணுவ?”

“மேல படுத்திருக்கறவளை எழுப்பக் கூடாதுன்னு ராத்திரி நானே ஒண்ணு எடுத்தேன்” என்றாள் அக்கா. “கை இளைச்சுதான் போயிருக்கு. நீ தூங்கு.”

தங்கை நடந்துகொண்டே கூட வந்தாள். ஆடுகள் நக்குகிற உப்புக்கட்டி எங்கே இருக்கிறது, எந்த ஆட்டுக்குக் குளம்பு சீக்கிரம் வளரும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஊர் எல்லையில் பேச்சை நிறுத்தி நின்றாள். அக்கா ஜன்னலில் சாய்ந்து, அவள் புள்ளியாகிறவரை பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போனாள்.

இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணை அந்த ஊர் வழியாகப் போகிறது. தங்கை வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஏறிக்கொள்கிறாள். இருவரும் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்து, சண்டை போட்டு, சாப்பிட்டு முடிப்பதற்குள் கடைத்தெரு முடிந்துவிடுகிறது. அவள் இறங்கிக்கொள்கிறாள். பண்ணை ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற அன்று பேருந்துகள் தாமதமாகும் என்பது அந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள்.