பழுப்பேறிய அறுபது பெட்டிகள்

அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் புட்டியின் அடியிலிருக்கும் தேதி மூன்று இழுப்பில் போய்விடும். பிஷ்கெக்கில் நான்கு வருஷம் வேதியியல் படித்த பெகிமாய்க்கு, அந்தப் படிப்பு நேரடியாகப் பயன்பட்ட வேலை இது ஒன்றுதான்.

கடை அவளுடைய தாய்மாமா குபாத்துடையது. கடை என்றால் இரண்டு கப்பல் சரக்குப் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று. மேலே சரக்கு, கீழே வியாபாரம். சந்தை முழுக்கவே அப்படித்தான். மாமா விற்பது 'வேப்' என்கிற மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் திரவம். மாம்பழம், திராட்சை, தர்பூசணி என்று வாசனைக்கு ஒரு பெயர். மலிவாக வருகிறதே என்று அவர் வாங்கிப் போட்ட அறுபது பெட்டிக்குப் போன மார்ச்சோடு கெடு முடிந்திருந்தது. அதற்குமுன்பே அந்தச் சரக்கு இரண்டு கோடை தகரத்துக்கடியில் கிடந்து வெந்திருந்தது.

தேதி அழிப்பதை எல்லாக் கடையிலும்தான் செய்கிறார்கள் என்று அவளும் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாம்பழம் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. திறந்தால் மிளகும் மீனும் கலந்த நெடி. அடுத்த புட்டியும் அப்படியே. அடுத்த பெட்டியும் அப்படியே.

மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு அது செய்தியே இல்லை. கேரமல் என்று அச்சடித்த ஒட்டுத்தாள் கட்டு ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. பழுப்பாய் இருந்தால் கேரமல், அவ்வளவுதான். சரக்கு முழுவதையும் நரின் ஊரிலிருந்து வரும் வியாபாரி ஜெங்கிஷ் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் அந்த ஆள் போன வருஷம் பழைய சரக்கில் கையைச் சுட்டுக்கொண்டவன். இன்னும் ஆறு மாசம் தாங்கும் என்று படித்த ஒருவர் பட்டய எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும் என்கிறான்.

"உன் பட்டயம் சும்மா சுவத்துலதானே தொங்குது?" என்றார் மாமா.

பெகிமாய் முடியாது என்றாள். அவள் அப்பா ஊரார் ஆடுகளை மேய்ப்பவர். அவர் குலத்தில் பள்ளிக்கூடம் தாண்டியவர் எவருமில்லை. பட்டயம் வந்தபோது ஊரைக் கூட்டி விருந்து வைத்தார்கள். அதற்குக் கிடா கொடுத்தவர் இதே மாமா. அந்தத் தாளில் இருக்கிற பெயர் அவள் பெயர். அதைத் தவிர சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறெதுவும் கிடையாது.

மாமா கோபப்படவில்லை, ஊருக்குப் போன் போட்டார். அம்மா அழுதாள். கிடாவைச் சொன்னாள், பரீட்சைக்கு மாமா பனியில் வண்டியோட்டிக் கொண்டுபோய் விட்டதைச் சொன்னாள். இதற்கெல்லாம் பெகிமாயிடம் பதில் இருந்தது. பிறகு அப்பா போனை வாங்கினார்.

"மாமா கேக்குறத எழுதிக் குடுத்துடு கண்ணு. எழுதத்தானே உன்னைப் படிக்க வச்சோம்?"

அதில் சூது எதுவுமில்லை. பெருமையாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன சொல்வது?

எழுதினாள். ருஷ்ய மொழியில், பெரிய எழுத்தில். கெடு முடிந்துவிட்டது. நிக்கோட்டின் சிதைந்திருக்கிறது. உள்ளே இப்போது என்னென்ன இருக்கிறதென்று சோதிக்க இங்கே கருவி இல்லை. விற்கக் கூடாது. கீழே பெயர், பட்டய எண், கையெழுத்து. மாமா படிப்பார், கிழித்தெறிவார், வெளியே போ என்பார். சரக்கு நகராது. அந்தச் சண்டைக்கு வேண்டிய சொற்களை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள்.

மாமா போனில் பேசிக்கொண்டே தாளை வாங்கி, நீல முத்திரையை ஊதிக் குத்தி, சரக்கெடுக்க வந்திருந்த ஜெங்கிஷிடம் நீட்டினார். அவன் முதலில் முத்திரை வட்டமா என்று பார்த்தான். பட்டய எண்ணை விரலால் தடவினான்.

"படிச்ச கை பாருங்க. என் பொண்ணு எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும்." தாளை நாலாக மடித்தான்.

"அண்ணே, படிச்சுப் பாருங்க."

"எதுக்கு? முத்திரைதான் இருக்கே."

"விக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார். ஜெங்கிஷ் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சிகரெட் அட்டையிலயும் செத்துப்போவீங்கன்னுதான் போட்டிருக்கு, தங்கச்சி. எவன் விக்காம இருக்கான்? எவன் வாங்காம இருக்கான்? தாள் கேட்டா காட்டணும், அதுக்குத்தான் இது."

மாமாவும் சிரித்தார். சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள். அறுபது பெட்டியும் வண்டியேறி முடியும்வரை பெகிமாய் பஞ்சும் கையுமாக நின்றாள்.

வண்டி கிளம்புமுன் மாமா அந்தத் தாளைத் திரும்ப வாங்கி அவளிடம் கொடுத்தார். அடுத்த பழைய சரக்கு எடுக்க வருகிறவனும் கேட்பான், இருபது நகல் எடுத்து வா, ஒன்றை ஜெங்கிஷுக்குக் கொடுத்துவிடு என்றார். திட்டவே இல்லை. சம்சா வாங்கிச் சாப்பிடு என்றுகூடச் சொன்னார்.

நகல் கடைப் பெண் தாளை எந்திரத்தில் கவிழ்த்து வைத்தாள். முதல் நகலைத் தூக்கிக் காட்டினாள். ஓரத்தில் எழுத்துகள் கொஞ்சம் வெளிறியிருந்தன.

"முத்திரை தெளிவா இருந்தாப் போதும்ல?"

"போதும்," என்றாள் பெகிமாய்.