அணியத்தில் சப்பாத்து

ஏர்னஸ்டின் படகில் ஏறுகிறவர்கள் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். படகு முழுவதிலும் அல்ல, அணியத்தில் மட்டும். அணியம் என்றால் படகின் முன்மூக்கு. அங்கே பலகையில் குழி எடுத்து, மேலே தடித்த கண்ணாடி போட்டு, உள்ளங்கை அளவில் ஒரு மாதா சுரூபத்தை அவர் பதித்து வைத்திருந்தார். அவருடைய சொந்த ஊரான மன்னாரில் இதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை. அங்கே கடலுக்குப் போகிறவன் வெறுங்காலோடுதான் போகிறான், கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஒக்லாண்ட் மீன்துறையில், குளிர்காலமான ஜூலையில், ஐஸ் தூளும் மீன் வழுவழுப்பும் கிடக்கிற பலகையில் வெறுங்காலோடு நட என்றால், இது பக்தியா தண்டனையா என்று கேட்கத்தான் தோன்றும். ஏர்னஸ்டிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அவருடைய படகு, அவருடைய சட்டம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியாமல் போனதற்குக் காரணம் றொய்ஸ்டன்.

றொய்ஸ்டன் ஏர்னஸ்டின் மனைவி பேர்ணடெட்டின் தம்பி. விசாவுக்கு ஓடித் திரிந்து அவனை இங்கே கூப்பிட்டவர் ஏர்னஸ்ட்தான். எட்டு வருடம் அவரோடு கடலுக்குப் போனான். அந்த எட்டு வருடத்தில் அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'டேய்' போதும் என்பது அவர் எண்ணம். கிளென்ஃபீல்டில் ஒரு ஞானஸ்நான விருந்தில், தட்டும் கையுமாக நின்ற பத்துப் பேர் முன்னால், "இவனைத் தனியக் கடலுக்கு விட்டா மீன் இவனைப் பிடிச்சுக்கொண்டு போயிடும்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். றொய்ஸ்டனும் சிரித்தான். அடுத்த மாதம் ஒரு இரும்புப் படகைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு போனான். போகிறவன் சும்மா போகவில்லை. ஏர்னஸ்டோடு வேலை செய்த தொங்காத் தீவுக்காரன் சியோனேயையும் கூட்டிக்கொண்டு போனான்.

மைத்துனன் போனதை ஏர்னஸ்ட் எப்படியோ பொறுத்திருப்பார். சியோனே போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்வான், வாயைத் திறக்கமாட்டான். அப்படி ஒரு ஆள் இனிப் பிறந்து வளர்ந்து வந்தால்தான் உண்டு.

பட்ட காலிலே படும் என்பார்கள். மீன்துறையில் இட நெருக்கடி. படகுகளை ஒன்றோடு ஒன்று அணைத்துத்தான் கட்ட வேண்டும். துறை அலுவலகம் றொய்ஸ்டனின் இரும்புப் படகுக்குக் கொடுத்த இடம் எது? ஏர்னஸ்டின் மரப்படகுக்கு வெளிப்பக்கம். வெளியே நிற்கும் படகுக்காரன் கரைக்கு வருவதென்றால் உள்ளே நிற்கும் படகைக் கடந்துதான் வர வேண்டும். பின்பக்கம் தூண்டில் பெட்டியும் இரைவாளியும் கிடக்கும் என்பதால் முன்பக்கத்தால் நடப்பதுதான் துறையின் வழக்கம். முன்பக்கம் என்றால் அணியம்.

முதல்நாளே றொய்ஸ்டன் முழங்கால் உயர ரப்பர் சப்பாத்தோடு தடதடவென்று நடந்து வந்தான்.

"டேய், சப்பாத்தைக் கழட்டு!" என்றார் ஏர்னஸ்ட்.

"ஏன் அத்தான், இது கோயிலோ?"

"மாதா இருக்கிற இடம். மன்னாரிலை பிறந்த உனக்குத் தெரியாதோ?"

"எனக்கு மாதாவைத் தெரியும். அவவுக்கும் என்னைத் தெரியும். அவ ஒண்டும் சொல்லேல்லையே."

அன்று தொடங்கியது. றொய்ஸ்டன் கடந்து போனதும் ஏர்னஸ்ட் தும்புத் தூரிகையோடு முழங்காலில் நின்று, ஊரே கேட்கும்படி அந்தத் தடத்தைத் தேய்ப்பார். றொய்ஸ்டன் காற்றுப் பார்த்து, பழைய இரைத்தண்ணீரை இந்தப் பக்கம் தெறிக்கும்படி ஊற்றுவான். அவன் கடக்கும் நேரம் பார்த்து ஏர்னஸ்ட் குழாயைத் திறந்து தளம் கழுவுவார். இவருடைய முகம் தெரிந்தால் அவன் பலகையில் குதிகாலை அழுத்தி வைப்பான். இரண்டு பேருக்கும் நரை விழுந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சியோனே வேறு. அவன் ஒவ்வொரு தடவையும் சப்பாத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பெரிய பாதங்களை மெதுவாக வைத்து, சுரூபத்துக்கு ஒருமுறை தலை குனிந்துவிட்டுப் போவான். அதைப் பார்க்க ஏர்னஸ்டுக்கு இன்னும் வயிறு எரிந்தது. மரியாதை தெரிந்தவன் போய்விட்டானே என்ற எரிச்சல்.

மாதா திருநாளுக்கென்று ஏர்னஸ்ட் படகுக்கு வெள்ளை அடித்தார். காய்ந்த மறுநாளே, இரும்புப் படகின் விலாவில் தொங்கிய பழைய டயர்கள் உரசி, வெள்ளையில் கரிக்கோடு விழுந்தது. இரண்டு படகும் முட்டாமல் இருக்கத்தான் அந்த டயர்கள். அது தெரியாதவரா ஏர்னஸ்ட்? கோபம் அதை நினைக்க விடவில்லை.

"உன்ரை கறுப்பை என்ரை படகிலை பூசாதை. உதெல்லாத்தையும் அவிழ்த்துப் போடு!"

றொய்ஸ்டன் கத்தியை எடுத்து டயர்க் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தான். இவ்வளவு சுலபமாகச் சொன்னதைக் கேட்கிறானே என்று ஏர்னஸ்ட் அப்போதே யோசித்திருக்க வேண்டும். டயர்களுக்குப் பதிலாக அவர் தன் பக்கத்தில் காற்றடைத்த வெள்ளைப் பந்துகள் இரண்டைத் தொங்கவிட்டார். உல்லாசப் படகுக்காரர்கள் கட்டுகிற சாமான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் புயல் வரும் என்று வானொலி சொன்னது. யாரும் கடலுக்குப் போகவில்லை. காலையில் றொய்ஸ்டன் வந்து, தன் கயிறுகளை இறுக்கி, கதவைப் பூட்டி, எஞ்சின் சாவியும் சேர்ந்த திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஏர்னஸ்ட் தன் படகிலேயே இருந்தார். மதியத்துக்கு மேல் காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. அலை துறைக்குள்ளேயே புகுந்து ஏறி விழுந்தது. இரும்புப் படகு ஒருமுறை விலகி, திரும்பி வந்து, தன் முழு எடையோடு மரப்படகில் மோதியது. முதல் வெள்ளைப் பந்து வெடித்தது. அடுத்த மோதலில் மற்றதும் போயிற்று.

இனி நடுவில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் துறையின் கொங்கிரீட் தூண். இடையில் ஏர்னஸ்டின் படகு, பாக்குவெட்டியில் பாக்கு. கைபிடிப் பலகை பிளந்தது. உள்ளே எங்கோ ஒரு விலாக்கட்டை முறிந்த சத்தம் அவர் பாதத்தில் கேட்டது. வெளிப்படகு விலகாமல் உள்படகை அசைக்க முடியாது. வெளிப்படகை விலக்க எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்குத் திறப்பு மவுண்ட் ரோஸ்கில் வீட்டில், றொய்ஸ்டனின் பையில்.

அந்தப் படகைத் தவிர ஏர்னஸ்டிடம் வேறு என்ன இருந்தது? இருப்பது வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. படகு போனால் மங்கரேயில் விமானச் சரக்குப் பெட்டி தூக்கப் போக வேண்டும். அதற்கு அவருடைய முதுகு ஒத்துக்கொள்ளாது. அவருக்குப் பயம் வந்தது. கடலில் வராத பயம்.

பேர்ணடெட்டுக்குப் போன் எடுத்தார். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலையில் இருந்தாள்.

"உம்மடை தம்பியை உடனை வரச் சொல்லும். படகு உடையுது!"

"ஏன், உங்கடை கையிலை இருக்கிறது போன் இல்லையோ?"

"நான் எடுத்தா எடுக்கமாட்டான்."

"எடுப்பான். நீங்கள் ஒருக்காக் கெஞ்சிக் கேட்டுப் பாருங்கோ. இவ்வளவு நாளும் நான் ரெண்டு பேருக்கும் நடுவிலை தூதுக்காரியா நிண்டது காணும்."

வைத்துவிட்டாள். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். ஏர்னஸ்ட் மலை ஏறவில்லை, கட்டின இடத்திலேயே மூழ்கிக்கொண்டிருந்தார்.

போன் நீண்ட நேரம் அடித்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"நானெண்டா ஆர்?"

"ஏர்னஸ்ட்."

"எந்த ஏர்னஸ்ட்?"

அவர் பல்லைக் கடித்தார். படகு மறுபடி மோதியது. "அத்தான்" என்றார். எட்டு வருடம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர், "றொய்ஸ்டன், என்ரை படகு நொறுங்குது. வந்து உன்ரையை விலத்தடா" என்றார்.

"வாறன்" என்றான் றொய்ஸ்டன். குரலில் கோபம் இல்லை. அதுதான் ஏர்னஸ்டுக்குப் பிடிக்கவில்லை.

சியோனே வாகனத்தை ஓட்டி வந்தான். றொய்ஸ்டன் இறங்கியபோது ஏர்னஸ்ட் அவன் காலைப் பார்த்தார். ரப்பர் சப்பாத்து இல்லை. அதை ஒரு உதறலில் கழற்றிவிடலாம். அவன் போட்டு வந்தது கணுக்காலுக்கு மேல் நாடா இழுத்துக் கட்டும் தோல் சப்பாத்து. இந்த மழையில், இந்தக் காற்றில், வீட்டில் உட்கார்ந்து, கண்ணி கண்ணியாக நாடா கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஏர்னஸ்டுக்குப் புரிந்துவிட்டது.

துறை விளிம்பில் கயிறு கட்டும் இரும்புக் கட்டை ஒன்று இருந்தது. றொய்ஸ்டன் அதில் உட்கார்ந்தான். ஒரு காலைத் தூக்கி மறு முழங்காலில் வைத்து, நாடாவின் முடிச்சைத் தேடினான்.

"என்னடா செய்யிறாய்?"

"சப்பாத்துக் கழட்டுறன் அத்தான். மாதா இருக்கிற இடமெல்லே."

படகு மோதியது. இன்னொரு பலகை பிளந்தது. றொய்ஸ்டன் முதல் கண்ணியிலிருந்து நாடாவை உருவினான். பிறகு இரண்டாவது. நனைந்த நாடா இறுகிப்போய் இருந்தது, அவனும் அவசரப்படவில்லை. இரும்புப் படகுக்கு என்ன வந்துவிடும்? பெயின்ட் உரியும், அவ்வளவுதான்.

சியோனே ஏதோ சொல்ல வாயெடுத்தான். றொய்ஸ்டன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"விடடா! சப்பாத்தோடை வா!" என்று ஏர்னஸ்ட் கத்தினார்.

"கேக்கேல்லை. காத்து."

"சப்பாத்தோடை வா!"

"எதாலை வரச் சொல்லுறியள்?"

ஏர்னஸ்டுக்கு அவனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. "அணியத்தாலை! அணியத்திலை சப்பாத்தோடை வா! மிதிச்சுக்கொண்டு வாடா!"

பக்கத்துப் படகுகளில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒரு கிழவன் அழுதுகொண்டு கத்துகிறான் என்று தெரிந்திருக்கும்.

"அப்ப சரி" என்றான் றொய்ஸ்டன். அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கண்ணியில் கோத்தான். நாடா தொங்கத் தொங்க ஈரப் பலகையில் நடந்தால் விழுந்துவிடுவான் அல்லவா? இழுத்து, முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, அணியத்தில் ஏறி, மாதாவின் கண்ணாடி மேல் வலது காலை முழுதாக வைத்து, அதிலேயே ஊன்றித் தன் படகுக்குத் தாவினான். சியோனே சப்பாத்தைக் கழற்றித் துறையில் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு பின்னால் ஓடினான்.

அதற்குப் பிறகு றொய்ஸ்டன் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எஞ்சினைப் போட்டு, ஒரு கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்தக் காற்றில் படகைப் பின்னால் எடுத்துத் துறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனான். மீன் அவனைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஏர்னஸ்டின் படகு ஒரு விலாக்கட்டையும் நாலு பலகையும் முறிந்து, மிதந்துகொண்டு நின்றது.

காற்று அடங்கியதும் இரும்புப் படகு பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. வரும்போது அதன் விலாவில் டயர்கள் வரிசையாகத் தொங்கின. ஏர்னஸ்ட் அணியத்தில் முழங்காலில் நின்று, கண்ணாடியிலிருந்த சப்பாத்துத் தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி உடையவில்லை. தடம் எப்போதோ போய்விட்டது. அவருக்கு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

றொய்ஸ்டன் தன் படகின் விளிம்புக்கு வந்தான். காலில் வழக்கமான ரப்பர் சப்பாத்து. குனிந்து இரண்டையும் கழற்றினான். சியோனேயைப் போலவே அக்குளில் இடுக்கினான். வெறுங்காலோடு, பூனை நடையாக, அணியத்துக்கு வந்தான். சுரூபத்தின் முன்னால் நின்று நெற்றி, மார்பு, தோள் என்று ஆறுதலாக, அவசரப்படாமல் சிலுவை போட்டான்.

"கும்பிடுறன் அத்தான்" என்றான்.

அன்று மட்டுமல்ல. கடலுக்குப் போகும்போதும் வரும்போதும், மழை பெய்தாலும் பனி விழுந்தாலும், ஒருநாள் தவறாமல் கழற்றினான். நின்று சிலுவை போட்டான். ஏர்னஸ்ட் இத்தனை மாதமும் தொண்டை கிழியக் கேட்ட மரியாதையைக் குறைவில்லாமல் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஏர்னஸ்டின் காதில் அவருடைய சொந்தக் குரல்தான் கேட்டது. மிதிச்சுக்கொண்டு வாடா.

ஒரு காலையில் அவரால் தாங்க முடியவில்லை. தலையை நிமிர்த்தாமல், மெதுவாகச் சொன்னார்.

"சப்பாத்தோடை போ, றொய்ஸ்டன்."

"ஐயோ அத்தான், என்ன கதை இது? மாதா இருக்கிற இடம்!"

கடந்து போய், துறையில் உட்கார்ந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி போனான். பலகையில் அவனுடைய வெறுங்காலின் ஈரம் கொஞ்ச நேரம் இருந்து காய்ந்தது. ஏர்னஸ்ட் தூரிகையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.