முப்பத்தொரு தடவை

…முப்பத்தொரு தடவையா, இருக்காதே, என்று சோலைமுத்து மறுபடியும் விரல் விட்டுப் பார்த்தான், பஸ் காமக்காபட்டி செக்போஸ்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பியது, வத்தலக்குண்டில் ஏறும்போது தொடங்கிய கணக்கு, பன்னிரண்டு நாளைக்கு நாளொரு தடவை என்றால் பன்னிரண்டு, ஒருநாள் தலைக்கு ஊற்றிவிட்டபோது இன்னொன்று, பதின்மூன்று, அதற்கு மேல் மனைவி விஜயராணியின் விரலிலிருந்து அந்தப் பட்டையை அவன் கழற்றவே இல்லை… பிறகு எதற்கு ஆஸ்பத்திரி ஸ்டோரில் நின்று தலையை ஆட்டினான்? படித்தவர்கள் எதைச் சொன்னாலும் முதலில் தலை ஆடிவிடுகிறது, நாற்பத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் பழகியும் இந்தத் தலை மட்டும் பழைய தலையாகவே இருக்கிறது, சட்டைப் பையில் புதுப் பட்டை இரண்டு, கசங்கிவிடுமோ என்று கையை வைத்து மூடிக்கொண்டே வருகிறான்.

பட்டை என்றால் பிளாஸ்திரி மாதிரி ஒன்று, உள்ளே மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பு வெளிச்சம், விரல் நுனியில் சுற்றி ஒட்டினால் ரத்தத்தில் காற்று எவ்வளவு ஓடுகிறது என்று ஒயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும், எண்பத்தைந்துக்குக் கீழே போனால் பெட்டி கத்தும், டிபி வந்து பாதி வெந்துபோன அவள் நெஞ்சுக்கு அதுதான் காவல், விரலில் இல்லையென்றால் இரண்டு கோட்டைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். ஆஸ்பத்திரியில் பெட்டியை இரவலாகக் கொடுத்த அன்றைக்கே மூலையில் இருபத்தொன்று என்று காட்டியது, பட்டை இருபத்தொரு நாள் தாங்குமாம், பன்னிரண்டு நாள் போனால் ஒன்பது இருக்க வேண்டும், நேற்றுப் பார்த்தால் ஒன்று. இன்றைக்கு ஸ்டோரில் இருந்த சௌம்யா என்ற பொண்ணு கம்ப்யூட்டரைத் திறந்து, பெட்டியிலிருந்து சிம் வழியாக வந்த சேதியைப் பார்த்துச் சொன்னாள், "ஐயா, அது நாளை மட்டும் எண்ணுறதில்லைங்க. எத்தனை தடவை கழட்டுறோம், எவ்வளவு மடங்குது, பசை எவ்வளவு விடுது, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வந்து, இன்னும் எத்தனை நாளைக்கு இத நம்பலாம்னு முன்கூட்டியே கணக்குப் போடுது. நீங்க முப்பத்தொரு தடவை கழட்டி ஒட்டிருக்கீங்க." அவன், "மிச்சம் புடிக்கலாம்னுதாங்கம்மா, நான் வீட்டுல இருக்கிற நேரத்துக்கு அது எதுக்குன்னு சாயங்காலம் கழட்டி வச்சிட்டுப் படுக்கையில ஒட்டிவிடுவேன்" என்றான். பக்கத்து மேசையில் இருந்த சிவராமன், "மிச்சம் புடிச்சு மிச்சம் புடிச்சே தீத்துப்புட்டாரு, எங்க வீட்டம்மா குக்கர் வாங்கி அட்டைப்பெட்டிக்குள்ளயே வச்சு ரப்பரு இத்துப்போன மாதிரி" என்று சிரித்தார், சோலைமுத்துவும் சேர்ந்து சிரித்துவைத்தான்.

சிரித்தானே, இந்தத் தப்பை இவனா செய்வான்? பெருமாள்மலைத் தோட்டத்தில் சவ்சவ் பந்தலுக்கடியில் இருபது வருசமாகக் குனிந்து நிற்கிறவன், காயின் காம்புப் பக்கம் நகத்தை லேசாக அழுத்திப் பார்த்து, இது ஒட்டன்சத்திரம் வரைக்கும்தான், இது திருச்சி போகும், இது கேரளா போய் இறங்கியும் நாலு நாள் கிடக்கும் என்று சொல்கிறவன், மேஸ்திரி வேல்ராஜே மூட்டை கட்டுமுன் இவனிடம்தான் கேட்பார். பறித்தால் பறித்த கையோடு மூட்டைக்குப் போக வேண்டும், எடுத்து எடுத்துப் பார்த்தால் தோல் கருத்துவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் இவன்தான் சத்தம் போடுவான், அப்படிப்பட்டவனுக்கு அந்தப் பசையும் ஒரு தோல்தான் என்று தெரியாமல் போனதே… டம்டம் பாறை வளைவில் பஸ் நின்றது, எதிரே லாரி, இரண்டு டிரைவரும் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டார்கள், மேகம் உள்ளே வந்தது, முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. ஆனால் பதின்மூன்றுதானே, மீதிப் பதினெட்டு யார்?

பெட்டி எண்ணியதில் பிசகா? முதல் மூன்று நாளில் சரியாகத்தானே வேலை செய்தது, மூன்று தடவை கத்தியது, மூன்று தடவையும் பக்கத்து வீட்டுக் காளியாயி போன் போட்டாள், "சோலையண்ணே, வெரசா வாங்க, மதினி வீட்டுப் பெட்டி கத்துது", மூன்று தடவையும் போட்டது போட்டபடி ஓடினான், அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் மெஷினில் காற்றைக் கூட்டி வைத்து, முதுகைத் தடவி… மூன்றாம் தடவை லாரியில் பாதி மூட்டை ஏறியிருந்தது, வேல்ராஜ் எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏலே சோலை, ஒம் பொண்டாட்டி பெட்டி கத்துறப்பெல்லாம் லாரி நிக்குமாலே? இன்னொரு தடவை போனா அப்படியே போயிரு." அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் என்ன சொன்னான்? ஒன்றும் திட்டவில்லையே, கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "நல்லாக் கத்துது ஒம் பெட்டி, எஞ் சோலியத் தின்னுட்டுத்தான் ஓயும்போல" என்றான், அவ்வளவுதான். அவள் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அதற்குப் பிறகு பெட்டி கத்தவே இல்லை. சௌம்யாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னான், "இப்பெல்லாம் கத்துறதே இல்லைங்கம்மா, தேறிக்கிட்டா."

சௌம்யா அச்சடித்துக் கொடுத்த தாளை அப்போதுதான் நினைத்தான், வீட்டில் இருக்கிறவர்களிடமும் காட்டுங்க என்று மடித்துக் கொடுத்தாள், வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினான், க-ழற்-றி-யது, காலை பதினொன்று பத்து, பிற்பகல் இரண்டு ஐம்பத்தைந்து, மறுநாள் காலை பதினொன்று, பிற்பகல் மூன்று… பதினொரு மணிக்கு அவன் பந்தலுக்கடியில் அல்லவா இருப்பான். ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு எண், கழற்றுமுன் பெட்டி கடைசியாகக் காட்டியதாம், சாயங்காலத்தில் தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, அது இவன் கழற்றியது, பகலில் எண்பத்தாறு, எண்பத்தாறு, எண்பத்தாறு, ஒரு இடத்தில் எண்பத்தேழு, மறுபடி எண்பத்தாறு. அவளுக்கு எண் தெரியாது. தெரியாதா? முதியோர் வகுப்பு முடித்த தெம்பில் இவன்தானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியில் விரல் வைத்து, "இந்தா பாரு புள்ள, இது எட்டு, இது ஆறு, இது அஞ்சு, எட்டும் அஞ்சும் சேந்து வந்து அதுக்குக் கீழ போச்சுன்னாத்தான் கத்தும்" என்று சொல்லிக் கொடுத்தான், அவள் சிலேட்டுப் பிள்ளைபோல் திருப்பிச் சொன்னாளே, எட்டு, ஆறு, எட்டு, அஞ்சு என்று, அதைப் பார்த்து எவ்வளவு சந்தோசப்பட்டான்… போன வாரம் பட்டையின் ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, சாப்பிட்ட கை என்று நகத்தால் சுரண்டிவிட்டான், பட்டை இருந்தது இடது கையில், இடது கையால் யார் சாப்பிடுவார்கள், கத்துமுன் கழற்றிக் கழற்றிப் பசை விட்டுப்போனதைச் சோற்றை வைத்து ஒட்டியிருக்கிறாள், அவன் வருகிற நேரத்துக்கு.

ஊத்து தாண்டிவிட்டது, இன்னும் அரை மணி நேரம் இருக்கும் பெருமாள்மலைக்கு, காளியாயிக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொல்லலாம், பட்டை விரலில் இருக்கிறதா என்று மட்டும், என்னவென்று கேட்டால் என்ன சொல்வது… போனை எடுத்தான், மணி மூன்று அடிக்க ஐந்து நிமிடம், காலையிலிருந்து காளியாயி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, அதை நினைத்துத்தான் வத்தலக்குண்டில் நிம்மதியாக ஒரு டீ குடித்தான், பொறுமையாக வடைகூட வாங்கித் தின்றான், இப்போது அந்தப் போனையே உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான், பஸ் திரும்பியது, சிக்னல் நாலு கோடும் நன்றாகத்தான் இருந்தது, போன் சும்மாவே கிடந்தது.