சுவிட்சில் கட்டிய மாலை

நான் நின்றுகொண்டே தூங்குகிறவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் சரக்கு லிப்ட் ஓட்டினால் நீங்களும் தூங்குவீர்கள். கீழே குடோன், மேலே மூன்று மாடி. மேலேயிருந்து மணி அடித்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். உள்ளே மங்கலாக ஒரு பல்பு, புதுத்துணியின் கஞ்சி வாசனை, மெல்ல இறங்கிப் போகும் சுவர். ஒன்றாம் மாடியைத் தாண்டும்போதே கண் சொக்கிவிடும். லிப்ட் மூன்றாம் மாடியில் நிற்காது. கூரையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். கோமுகி ஆறு கீழே கோடாகத் தெரியும். கதவைத் தள்ளினால் கல்வராயன் மலையின் பனிமூட்டம் உள்ளே வந்து காலை நனைக்கும்.

"அண்ணா, மாடி வந்து ஒரு நாழி ஆவுது. பொண்ணு பாத்துக்கினு கீறீங்களா?" என்று அம்மாசி தோளைத் தட்டும்போதுதான் திரும்பி வருவேன்.

அம்மாசி லோடுமேன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக்காரன், மலையாளிப் பழங்குடி. பேல் என்கிற பெரிய துணிமூட்டையைத் தனியாளாக உருட்டி ஏற்றுவான். மலையைப் பற்றி அவன் சொன்னதை வைத்துத்தான் என் கனவெல்லாம். அதுவரை நான் மலை ஏறியதே இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவன் ஊருக்குப் போயிருந்தான். லிப்ட்டை நானே கழுவி, பொட்டு வைத்தேன். மடக்குக் கதவின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கதவு முழுசாக மூடி அதை அழுத்தினால்தான் லிப்ட் நகரும். எனக்குச் சோறு போடுவது அந்தச் சுவிட்ச்தான் என்று ஒரு நினைப்பு. அதற்கும் சந்தனம் வைத்து, சாமந்திச் சரத்தை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பூ கட்டியது வாழைநாரில். அது காயக் காய இறுகி, சுவிட்சை அமுக்கியபடியே வைத்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்புகிறது.

பூஜைக்குப் போட்ட மாலையை நாமாகப் பிய்க்கக் கூடாது, காய்ந்து தானாக விழ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் தொடவில்லை. ஆனாலும் முதலாளி தனசேகரனிடம் காட்டினேன். அவர் ரெண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார்.

"கதவ இழுத்து மூடுற வேல மிச்சம். தீபாவளி வரிக்கும் இருக்கட்டும்" என்றார்.

பதினேழு நாள் ஓடியது. பதினேழாம் நாள் மத்தியானம் அம்மாசி ஒரு பேலைப் பாதி உள்ளே தள்ளிவிட்டு, ஒரு கால் வெளியே வைத்து நின்றான். மணி அடித்தது. நான் மலையில் இருந்தேன். விரல் தானாக மூன்றை அழுத்தியது. பனிக்குள்ளிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அது அவன் என்று தெரிய எனக்கு ஒரு மாடி ஆனது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னைத் திட்டவே இல்லை. "பெல் அடிச்சா அமுக்குறது உங்க வேல, வுடுங்கண்ணா" என்றான். அவன் மனைவி தைலம்மாள்தான் நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸில் மனு கொடுத்தாள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த மாலைய யாரு கட்டுனதுன்னு கேப்பாங்க, பொன்னுரங்கம். நீன்னு தெரிஞ்சா ஜெயிலு. அவனே கட்டுனான்னு ஒரு பேப்பர் இருந்தா உனுக்கும் தொல்ல இல்ல, எனுக்கும் இல்ல. நீ போனா அவன் நம்புவான்" என்றார்.

நான் பயந்தாங்கொள்ளி. ஜெயில் என்றதும் அவர் எழுதிக் கொடுத்த பேப்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு காரணம் தேடிச் சொல்லலாம்தான், இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்.

அம்மாசி அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போயிருந்தான். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் பனி இறங்கியது. நான் தூங்கவில்லை, ஆனால் எல்லாம் தூக்கத்தில் நடப்பதாகவே இருந்தது. மரங்கள் வந்து முகம் காட்டிவிட்டு மறைந்தன. ஒரு வளைவில் மாடுகள் கழுத்து மணியோடு பஸ்ஸைக் கடந்தன. மணிச்சத்தம் மட்டும் கேட்டது, மாடுகள் தெரியவில்லை. பதினோரு வருஷம் கனவில் வந்த இடம் இதுதான், அச்சு அசலாக. சட்டைப் பையில் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டா இதை முதன்முதலாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் இறங்கித் திரும்பிப் போகவில்லை.

அம்மாசி வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணன் மல ஏறி வந்துட்டாரு பாரு" என்று தைலம்மாளைக் கூப்பிட்டான். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். ரெண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். தைலம்மாள் தண்ணீருக்குப் போனதும் பேப்பரை எடுத்தேன்.

"இன்னாண்ணா எழுதிக்கிது?"

"கம்பெனி பேப்பரு."

"நீங்க படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன்."

"அப்ப செரி" என்று கட்டைவிரலை நீட்டினான். நான் அதைப் பிடித்து மையில் ஒற்றி, பேப்பரில் வைத்தேன். நான் சொன்ன ரெண்டு பதிலும் உண்மைதான். அந்தச் சாமர்த்தியம் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

விசாரணை லேபர் ஆபீஸின் மாடியில். அம்மாசியை நானும் தைலம்மாளும் தாங்கித்தான் மேலே ஏற்றினோம். அவன் கை முழுக்க என் தோளில் இருந்தது.

கடையின் வக்கீல் பேப்பரைப் படித்தார். 'சுவிட்சில் மாலையைக் கட்டி வைத்தது நான்தான். என் கவனக்குறைவால் நடந்த விபத்து இது.' மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு லிப்ட்டுக்குள் நிற்பதாகவே இருந்தது.

"இது உன் கைரேகையா?" என்று ஆபீசர் கேட்டார்.

"ஆமாங்க."

"மாலையைக் கட்டினது நீயா?"

அம்மாசி திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை, வழி கேட்கிறவன் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு சொன்னான்: "பூசைக்கு நான் ஊருல இருந்தேங்க. ஆனா அண்ணன் படிச்சிட்டேன்னு சொன்னாரு. அதுல அப்பிடித்தான் கீதுன்னா, செரிங்க."

அவன் பொய் என்று சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். அவன் 'செரிங்க' என்றதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்தேன்.

"கட்டுனது நாந்தாங்க. பேப்பர எடுத்துக்கினு போயி ரேக வாங்குனதும் நாந்தான். அதுல இன்னா கீதுன்னு அவனுக்குத் தெரியாது."

"லிப்ட் கதவு திறந்தபடி ஓடுனது முதலாளிக்குத் தெரியுமா?" என்றார் ஆபீசர்.

"மறாநாளே காட்டுனேங்க. தீபாவளி வரிக்கும் இருக்கட்டும்னாரு. பதினேழு நாளு ஓடிச்சி."

வக்கீல் ஏதோ எழுந்து சொன்னார். ஆபீசர் கையமர்த்தினார். கூட வேலை செய்கிறவன் தப்புப் பண்ணினாலும், வேலை நேரத்தில் அடிபட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டியது முதலாளிதான். தெரிந்தே ஓட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். ஜெயில் என்று ஒரு வார்த்தை யாரும் என்னிடம் பேசவில்லை. அப்படி ஒன்று எனக்காகக் காத்திருக்கவே இல்லை. அன்றைக்கே மலையில் ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் அம்மாசி பக்கம் தீர்ப்பாகும் என்று தெரிந்துவிட்டது. தைலம்மாள் அழுதாள். நான் வெளியே வந்து படிக்கட்டின் மேல்முனையில் குனிந்து, ஏற்றும்போது காட்டியதுபோலத் தோளைக் காட்டினேன்.

அம்மாசி தொடவில்லை.

"நாரு கட்டுனது தெரியாமப் பண்ணது. பட்டன அமுக்குனதும் தூக்கத்துல. அதயெல்லாம் நான் நெனைக்கல" என்றான். குரல் தணிவாகவே இருந்தது. "எங்கூட்டுச் சோத்தத் துண்ணுட்டு, கைய கூடக் கழுவாம, என் வெரலப் புடிச்சியே. அப்ப நீ முழிச்சிக்கினுதான இருந்த?"

அண்ணா என்று அவன் சொல்லவில்லை.

ஊன்றுகோலைத் தைலம்மாளிடம் கொடுத்தான். முதல் படியில் உட்கார்ந்தான். ரெண்டு கையையும் ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்தான். பிறகு அதற்கடுத்தது. இருபத்திரண்டு படி. ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவன் கீழே போய்ச் சேரும்வரை நான் குனிந்த தோளோடு மேலேயே நின்றேன்.