செல்வமேரியின் சர்க்கார் குரல்

1

இந்தக் கதை ஒரு திட்டில் பிறந்தது. வாங்கியவன் நான், வழங்கியவள் என் மனைவி சாமுண்டீஸ்வரி.

ரிட்டயரான கையோடு இரண்டு கதைகள் எழுதினேன். ஒன்றில், தேன்குரலில் பேசும் டெலிபோன் ஆபரேட்டர். இன்னொன்றில், தண்ணீர் லாரியையே அழவைக்கும் தெருச் சண்டைக்காரி. இரண்டையும் படித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, ரெண்டும் நம்ம செல்வமேரிதானே? முழுசா இருக்கிற பொம்பளைய எதுக்கு ரெண்டா அறுத்து வச்சிருக்கீங்க?"

ஒரு ஆளுக்கு ஒரு குணம் என்று வைத்துக்கொண்டால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். (வாழ்கிறவர்களுக்கும் சௌகரியம்தான். அதைப் பிறகு பார்ப்போம்.) சரி, அறுத்ததைத் தைத்துப் பார்க்கிறேன். தையல் வெளியே தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: 1986ஆம் ஆண்டு, மேகம் கவிந்த ஒரு காலையில், செல்வமேரி ஆழ்ந்த யோசனையில்

வேண்டாம். அவள் யோசித்து யாரும் பார்த்ததில்லை. யோசித்தாலும் ஊருக்குக் கேட்கும்படிதான் யோசிப்பாள்.

இரண்டாம் முயற்சி: இரும்புலியூரில் செல்வமேரி வாயைத் திறந்தால் மாடம்பாக்கம் கோயில் கோபுரத்துப் புறாக்கள் பறந்துவிடும். மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்த சங்கு என்று நினைத்துத் தொழிலாளிகள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.*

இது சரி. இதிலேயே போவோம்.

தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் அவள் சொன்ன வரிசையில்தான் நிற்கும். "யோவ் சிட்டிபாபு, ரிவர்ஸ்ல எங்கய்யா போய்கினு கீற? தெருக்கோடில பச்ச ஒடம்புக்காரி குடத்தோட நிக்கிறா, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" டிரைவர் சிட்டிபாபு லாரியோடு திரும்பி வருவான். தெருவே அவளைப் பார்த்துப் பயந்தது. தெருவுக்கே தண்ணீர் கிடைத்தது.

அதே செல்வமேரி, தாம்பரத்தை ஒட்டிய ஒரு தொலைபேசி நிலையத்தில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் அவள்தான் லைன் போட்டுத் தர வேண்டிய காலம். தலையில் ஹெட்போனை மாட்டியதும், "வணக்கம் சார், கொஞ்சம் லைன்ல இருக்கீங்களா?" என்பாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்கக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னதாகப் பேச்சு. ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா?" என்று கேட்பாள். பேச ஒன்றுமே இல்லாதவர்கள்கூட நீட்டித்தார்கள்.

அவள் புருஷன் சவுரிமுத்துவுக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. அவனுக்கு ஒரே ஓர் ஆசை.

"ஆபீஸ்ல பேசற மாரி எங்கிட்ட ஒரு வார்த்த பேசேன், மேரி."

"அது சர்க்கார் குரல்யா. வூட்டுக்கு எடுத்தாந்தா மெமோ குடுப்பாங்க."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைக்கிறீர்களா? நிஜமாகவே நம்பினாள். ஆபீஸ் பேனாவை அங்கேயே வைத்துவிட்டு வருவதுபோல, ஹெட்போனைக் கழற்றும்போது அந்தக் குரலையும் கழற்றி வைத்துவிட்டு வருவாள். சொந்தக் குரல் மிளகாய்தான், தேன் சும்மா யூனிஃபார்ம். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தின்போது, "ரெண்டு வேசம் போடறேன் ஃபாதர்" என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். "இப்போ வந்திருக்கிறது எந்த மேரி?" என்று அவர் கேட்க, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

* புறாக்கள் பறந்தது நிஜம். தொழிலாளிகள் நான் சேர்த்தது.

3

கால் பதிவு செய்யும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். என் வீடும் செல்வமேரி வீட்டை ஒட்டித்தான். இதோடு கதையை விட்டு வெளியே போகிறேன். மறுபடி எட்டிப் பார்த்தால் விரட்டுங்கள்.

ஒரு நாள் பிற்பகல், செல்வமேரிக்கு மறுபக்கத்து வீட்டு மெஹர் பானு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் புருஷன் ஜலால் துபாய் வேலைக்காகப் பம்பாய் போய், அங்கே ஒரு தமிழர் லாட்ஜில் தங்கியிருந்தான். அன்று நான்கு மணிக்கு ஏஜெண்டின் ஆள் வந்து அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"அக்கா, ஏஜெண்டு தேவானந்தம் ஆபீஸ காலி பண்ணிட்டு ஓடிட்டானாம். போன தடவ போனவங்க பாஸ்போர்ட்டெல்லாம் வித்துட்டானாம். இவரு குடுத்துட்டாருன்னா முடிஞ்சுதுக்கா!"

மணி மூன்று.

செல்வமேரி ஹெட்போனை மாட்டினாள். பம்பாய்க்கு நகரத்துப் பெரிய நிலையம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். (எது என்று சொல்லமாட்டேன். எனக்குப் பென்ஷன் வருகிறது.) அங்கிருந்த ஆபரேட்டரிடம் தேன் ஊற்றினாள். "லைன் பிசிம்மா" என்றார். மறுபடி ஊற்றினாள். "பிசின்னு சொன்னேனே." ஊற்றி ஊற்றி மணி மூன்றரையைத் தாண்டியது. லைனில் அவருக்குப் பின்னால் யாரோ பஜ்ஜிக்குச் சட்னி கேட்பது அவள் காதில் விழுந்தது.

மெஹர் பானு கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஹெட்போன் தலையிலேயே இருக்க, தண்ணீர் லாரிக் குரல் உள்ளே வந்துவிட்டது.

"யோவ்! லைனு பிசியா, உன் வாயி பிசியா? இங்க ஒரு பொண்ணு அய்துகினு கீது, நீ அங்க பஜ்ஜி துன்னுகினு கீறியா? இப்ப பம்பாய் வரல, நேரா வந்து உன் போர்டாண்டயே நிப்பேன், ஆமா!"

பம்பாய் வந்தது.

லாட்ஜ் மேனேஜர் எடுத்தார். அதே சூட்டில், "ஜலால கூப்டுய்யா!" என்றாள். "யாரும்மா நீ, அதட்டற? மூணாம் மாடி ஏற எனக்கு முட்டி இல்ல. வைம்மா போன" என்றார்.

வைத்துவிட்டால் போச்சு. செல்வமேரி ஒரு மூச்சு விட்டாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. தெரியாம கத்திட்டேன். முட்டி வலியோட உங்கள ஏறச் சொல்றது பாவம்தான். ஆனா அங்க ஒருத்தர் ஏறலன்னா, இங்க ஒரு குடும்பம் விழுந்துடும்ணா."

ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, படிகளில் யாரோ முனகிக்கொண்டே ஏறும் ஓசை.

ஜலால் வந்தான். பாஸ்போர்ட் சட்டைப் பையில் இருந்தது. வாங்க வந்த ஆள் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

மெஹர் பானு "குடுக்காதீங்க, குடுக்காதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு இரண்டு பக்கமும் அழுகை. மூன்று நிமிடம் ஆயிற்று. செல்வமேரி கேட்கவே இல்லை. நீட்டித்தாள்.

பின்னால் சூப்பர்வைசர் ஸ்ரீநிவாசராகவன் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, முதல்ல பேசினதுக்கு உங்களுக்கு மெமோ கொடுக்கணும். அப்புறம் பேசினதுக்கு அவார்டுக்கு எழுதணும். ஒரே ஆளுக்கு ரெண்டையும் நான் எப்படி எழுதறது?"

"எனக்கும் அதான் சார் புரியல" என்றாள். எந்தக் குரலில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒன்றுதான் இருந்தது.

4

முடிவு, முதல் வகை: அன்றிலிருந்து செல்வமேரி சாந்த சொரூபியானாள்.

(இதை எழுதியதும் சாமுண்டீஸ்வரி பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "அப்புறம் தெருவுக்குத் தண்ணி யாரு, நீங்களா பிடிச்சுத் தருவீங்க?")

இரண்டாம் வகை: இரு குணங்களையும் சமமாகக் கலந்து ஒரு நடுநிலையான

தூ. பாயசத்தில் ரசத்தை ஊற்றினால் எதைக் குடிப்பது?

நடந்தது இவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். சவுரிமுத்து ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டிருந்தான். ஆரம்பித்தாள். துண்டில் தொடங்கி, அவன் ஷெட்டு, அவன் சிநேகிதர்கள், அவனைப் பெற்றவர்கள் என்று நிறுத்தாமல் போனாள். புறாக்கள் கிளம்பின. சவுரிமுத்து வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டென்று நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, அவன் பதினோரு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத அந்தக் குரலில், துளி தேன் குறையாமல் கேட்டாள்:

"மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா?"

சவுரிமுத்து நிமிர்ந்தான். வாயைத் திறந்தான்.

இதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை, சுவர் தடிப்பு. லைனை உங்கள் பக்கம் போட்டுவிட்டேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள்: நீட்டிக்கச் சொன்னால், தேன், மிளகாய் இரண்டும்தான் வரும்.